பாட மறுத்த காக்கையை எப்படிக் கேட்பது?

இங்கிலாந்து ராக் இசைக்கலைஞர் ஸ்டீவன் வில்சனின் ‘தி ரேவன் தட் ரெஃப்யூஸ்டு டு சிங்’ ஆல்பத்தை நான் முதன்முதலில் கேட்டது ஓடும் பஸ்ஸில், ஒரு பக்கம் மட்டும் வேலை செய்த இயர்போனில். நாலாவது நிமிடத்தில் நிறுத்திவிட்டேன். பாட்டு எங்கே ஆரம்பிக்கிறது என்றே பிடிபடவில்லை. டிரம்ஸ் வாசிப்பவர் யார் மேலோ கோபத்தில் இருப்பதுபோல் இருந்தது. ஏறக்குறைய ஒரு வருடம் கழித்து, ராத்திரி வீட்டில், நல்ல ஹெட்போனில், வேறொரு பாட்டிலிருந்து தொடங்கிக் கேட்டேன். அப்போதுதான் தப்பு ஆல்பத்தில் இல்லை, நான் நுழைந்த வாசலில்தான் என்று புரிந்தது. அந்த ஒரு வருடத்தை உங்களுக்கு மிச்சப்படுத்தத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில், இது என்ன

2013 பிப்ரவரியில் வெளிவந்த ஆல்பம். ஆறே பாட்டு, மொத்தம் 55 நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஆறில் மூன்று பாட்டுகள் பத்து நிமிடத்தைத் தாண்டும். ஒவ்வொன்றும் ஒரு பேய்க் கதை. பேய் என்றதும் அலறலை எதிர்பார்க்க வேண்டாம். செத்தும் போகாத துக்கம், விட்டுப்போகாத குற்ற உணர்வு என்ற மாதிரியான பேய்கள்.

ஓசை மட்டும் 1970ஐச் சுற்றியது. 1960களின் பிற்பகுதியில் லண்டனிலும் சான் ஃபிரான்சிஸ்கோவிலும் ராக் இசை மூன்று நிமிடக் காதல் பாட்டை விட்டு வெளியே வந்தது. ஒலியைத் தலைகீழாக ஓட்டுவது, எதிரொலியில் மிதக்க விடுவது, கனவில் நடப்பதுபோல் நீட்டுவது எல்லாம் சைக்கடெலிக் ராக். அதிலிருந்தே கிளைத்து ஜாஸையும் மேற்கத்திய சாஸ்திரிய இசையையும் கலந்து, தாளத்தைச் சிக்கலாக்கி, ஒரு பாட்டைப் பல பாகங்களாகக் கட்டியது ப்ரோகிரஸிவ் ராக். ரசிகர்கள் வாயில் ‘ப்ராக்’. 1970களின் பிற்பாதியில் பங்க் அலை வந்தபோது இது பழம்பஞ்சாங்கமாகிவிட்டது. வில்சன் அந்தப் பஞ்சாங்கத்தை எடுத்து மறுபடி புரட்டியவர்.

அவரைப் பற்றி இரண்டே விஷயம் தெரிந்தால் போதும். 1967இல் பிறந்தவர். அவருக்கு எட்டு வயதிருக்கும்போது ஒரு கிறிஸ்துமஸுக்கு அப்பாவுக்கும் அம்மாவுக்கும் ஆளுக்கொரு இசைத்தட்டு பரிசாக வந்தது. அப்பாவுக்கு பிங்க் ஃபிளாய்டு என்ற ப்ராக் குழுவின் ‘தி டார்க் சைடு ஆஃப் தி மூன்’, அம்மாவுக்கு டிஸ்கோ பாடகி டோனா சம்மரின் ஆல்பம். பையன் இரண்டையும் மாறி மாறிக் கேட்டு வளர்ந்தான். இரண்டாவது விஷயம் வேடிக்கையானது. 1987இல் அவர் தொடங்கிய போர்க்குபைன் ட்ரீ என்ற குழு முதலில் ஒரு விளையாட்டுப் பொய். 1970களில் இருந்து மறக்கப்பட்ட சைக்கடெலிக் குழு என்று கதை கட்டி, இல்லாத உறுப்பினர்கள், வராத ஆல்பங்கள் என்று முழு வரலாற்றையும் அவரே எழுதினார். ஆனால் அந்தப் பொய்க்குச் சாட்சியாகச் செய்த இசை நன்றாக இருந்ததால் குழு நிஜமாகிவிட்டது!

பிறகு 2009 வாக்கில், ப்ராக்கின் முன்னோடிகளான கிங் கிரிம்ஸன் குழுவின் பழைய ஆல்பங்களின் மூல நாடாக்கள் அவர் கைக்கு வந்தன. அவற்றைப் புதிதாகக் கலந்து தரும் வேலை. ஒவ்வொரு வாத்தியமும் தனித்தனியாகப் பதிவான நாடாவை மணிக்கணக்கில் கேட்பது, ஒரு பழைய வீட்டின் ஓட்டைப் பிரித்து உத்தரத்தையும் சட்டத்தையும் பார்ப்பது போலத்தான். அந்தப் படிப்பு இந்த ஆல்பத்தில் தெரிகிறது.

உட்காருவதற்கு முன்

செலவு அதிகம் வேண்டாம். வயர் உள்ள சாதாரண ஹெட்போன் போதும், இரண்டு காதும் வேலை செய்தால் சரி. போன் ஸ்பீக்கரில் மட்டும் கேட்காதீர்கள். இந்த ஆல்பத்தில் பாதிக் கதையைப் பேஸ் கிடார்தான் சொல்கிறது, போன் ஸ்பீக்கரில் அது இருந்த இடமே தெரியாது.

ஆப்பில் மூன்று இடங்களைப் பாருங்கள். ஷஃபிள் அணைந்திருக்க வேண்டும். ஒரு பாட்டின் வால் அடுத்த பாட்டின் தலைமேல் ஏறும் ‘கிராஸ்ஃபேடு’ அணைந்திருக்க வேண்டும். எல்லாப் பாட்டையும் ஒரே சத்தத்துக்குக் கொண்டுவரும் அமைப்பு இருந்தால் அதையும் அணைத்துவிடுங்கள். காரணம் இருக்கிறது. சத்தத்துக்கும் அமைதிக்கும் நடுவே உள்ள தூரம் இந்த ஆல்பத்தில் பெரிது. மெதுவாகத் தொடங்கும் இடத்தில் கேட்கவில்லையே என்று ஒலியைக் கூட்டினால், நாலு நிமிடம் கழித்து ஹெட்போனைக் கழற்றி எறிய வேண்டிவரும். சத்தமான இடத்தில் காதுக்கு இதமாக வைத்துக்கொண்டு, பிறகு தொடவே தொடாதீர்கள்.

அசைவூட்ட வீடியோக்கள் இருக்கின்றன, ஜெஸ் கோப் இயக்கியவை. அழகானவைதான், ஆனால் முதலில் பார்க்க வேண்டாம். பார்த்துவிட்டால் கடைசிப் பாட்டில் வரும் கிழவரின் முகம் உங்கள் மனதில் அவர் வரைந்த முகமாகவே நின்றுவிடும்.

நுழைய வேண்டிய வாசல்

ஆல்பம் ‘லூமினால்’ பாட்டில் தொடங்குகிறது. நீங்கள் அதில் தொடங்காதீர்கள். அது பன்னிரண்டு நிமிடப் பாட்டு. முதல் நாலைந்து நிமிடத்தில் நடுவே ஒரு கூட்டுக் குரல் வந்து போவதைத் தவிர வார்த்தையே கிடையாது. பேஸும் டிரம்ஸும் துரத்திக்கொண்டு ஓடும். நான் பஸ்ஸில் இறங்கிக்கொண்டது இங்கேதான்.

இரண்டாவது பாட்டு ‘டிரைவ் ஹோம்’. இதில் தொடங்குங்கள், ஏழரை நிமிடம். ராத்திரி காரில் கணவனும் மனைவியும் போகிறார்கள். திரும்பிப் பார்த்தால் பக்கத்து இருக்கையில் அவள் இல்லை. அவன் தேடுகிறான். உண்மையில் விபத்தில் அவள் இறந்துவிட்டாள், அதை அவன் மனம் ஏற்கவில்லை. அவளே வந்து நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது. மெட்டு சுலபமானது, கிடாரும் வயலின் கூட்டமும் மெல்லத் தாங்கிப் போகும். கடைசி இரண்டு நிமிடத்துக்கு மேல் கத்ரி கோவனின் கிடார் தனியாக வாசிக்கிறது. முதல் தடவை அதை மட்டும் கவனித்தாலே போதும். கோவன் வேக விரலுக்குப் பேர்போனவர், ஆனால் இங்கே பாடகர் மாதிரி மூச்சு விட்டு விட்டு வாசிக்கிறார். வார்த்தை தீர்ந்துபோன இடத்தில் கிடார் அழுகையை எடுத்துக்கொள்கிறது. வேகம் கடைசிக்குக் கொஞ்சம் முன்னால்தான் வருகிறது, அதுவும் தாங்க முடியாமல் வெடித்த மாதிரி.

அதே ராத்திரி இரண்டு தடவை கேளுங்கள். அடுத்த நாள் நேராகக் கடைசிப் பாட்டுக்குப் போங்கள்.

கடைசிப் பாட்டுக்கு ஆல்பத்தின் பெயரேதான். சாவை எதிர்பார்த்திருக்கும் ஒரு கிழவர். சின்ன வயதில் இறந்துபோன அக்காவை நினைக்கிறார். அவருக்குப் பயம் வந்தால் அக்கா பாடுவாள், அதில் பயம் போய்விடும். இப்போது தோட்டத்துக்கு ஒரு பெரிய கறுப்புப் பறவை வருகிறது. அக்காதான் வந்திருக்கிறாள் என்று கிழவருக்குத் தோன்றுகிறது. அது பாடினால் நிச்சயமாகிவிடும். அது பாட மாட்டேன் என்கிறது.

இங்கிலாந்துக்காரர் ஒருவருக்கு இந்தக் கதையைக் கொஞ்சம் விளக்க வேண்டியிருக்கலாம். அமாவாசைக்குக் காக்காய்க்குச் சோறு வைத்துவிட்டு, அது கொத்தும்வரை சாப்பிடாமல் காத்திருக்கும் வீட்டில் வளர்ந்தவருக்கு எதையும் விளக்க வேண்டாம். காக்காய் வராத மதியத்தில் பாட்டியின் முகம் எப்படிப் போகும் என்று நமக்குத் தெரியும். நான் இந்தப் பாட்டுக்குள் போனது அந்த வழியாகத்தான். (ரேவன் நம் வீட்டுக் காக்கை அல்ல, அண்டங்காக்கையைவிடவும் பெரிய பறவை. தமிழில் சொல்லும்போது காக்கை என்பதே எனக்கு வாகாக இருக்கிறது.)

தனிப் பியானோவில், கிட்டத்தட்ட முணுமுணுப்பில் தொடங்கும். இங்கேதான் ஒலியைக் கூட்டத் தோன்றும், கூட்டாதீர்கள். அப்புறம் வயலின்கள், பிறகு டிரம்ஸ் என்று படிப்படியாக ஏறும். எட்டு நிமிடமும் கிட்டத்தட்ட ஒரே எண்ணம்தான்: பாடு, பாடு என்ற கெஞ்சல். கடைசி ஏற்றத்தில் கெஞ்சலும் இசையும் ஒன்றாகிவிடுகின்றன. என் கணக்கில் ஆல்பத்தின் உச்சம் இதுதான். இத்தனைக்கும் பழைய ப்ராக் வித்தைகள் மிகக் குறைவாக இருக்கும் பாட்டும் இதுவே.

ஒரு பெட்டிக்குள் சில ஆவிகள்

‘லூமினால்’ பக்கம் திரும்புவதற்கு முன் ஒரு வாத்தியத்தைக் காதுக்குப் பழக்கிக்கொள்ள வேண்டும். அதன் பெயர் மெலோட்ரான். பார்க்க கீபோர்டு மாதிரி இருக்கும். ஒவ்வொரு கட்டைக்கும் உள்ளே தனித்தனிக் காந்த நாடா. அதில் யாரோ வாசித்த ஒரு வயலின் சுரமோ புல்லாங்குழல் சுரமோ பதிவாகியிருக்கும். கட்டையை அழுத்தினால் அந்த நாடா ஓடும். சுமார் எட்டு நொடிதான், அதற்குமேல் நாடா தீர்ந்துவிடும். விரலை எடுத்ததும் ஸ்பிரிங் இழுத்து நாடா பழைய இடத்துக்குப் போகும். 1960களில் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் செய்தார்கள். மோட்டாரின் வேகம் லேசாகத் தள்ளாடுவதால் சுரமும் லேசாக நடுங்கும். அந்த நடுக்கம் குறைதான், ஆனால் அதற்காகவே அதைத் தேடிப் பிடிக்கிறார்கள்.

இந்த ஆல்பத்தில் ஒலிப்பது கிங் கிரிம்ஸன் குழுவிடம் இருந்த பழைய மெலோட்ரான். எப்போதோ ஒரு அறையில் முகம் தெரியாத கலைஞர்கள் வாசித்துவிட்டுப் போன சுரங்களை, கட்டையைத் தட்டி எழுப்பி, எட்டு நொடி பேசவைத்து அனுப்புவது. பேய்க் கதைகளுக்கு இதைவிடப் பொருத்தமான கருவி கிடைக்காது. கம்ப்யூட்டரில் அதே ஓசையைச் சுத்தமாகப் போலி செய்ய முடியும். வில்சன் அந்த வழியில் போகவில்லை.

பதிவு செய்ததும் பழைய முறைதான். லாஸ் ஏஞ்சலஸில் ஈஸ்ட்வெஸ்ட் ஸ்டுடியோவில் குழு முழுவதும் ஒரே நேரத்தில் உட்கார்ந்து வாசித்தது. இன்று பெரும்பாலும் ஒவ்வொருவரும் தனித்தனியாக வாசித்து அனுப்ப, யாரோ ஒட்டுவார்கள். இங்கே கச்சேரி மேடை போல ஒருவர் கண்ணை ஒருவர் பார்த்து வாசித்திருக்கிறார்கள். பதிவுக்கு அமர்த்தியது ஆலன் பார்சன்ஸை. வில்சனின் அப்பாவுக்கு வந்த அந்தப் பரிசு ஆல்பத்தை 1972-73இல் பதிவு செய்த அதே பொறியாளர். எட்டு வயதில் கேட்ட ஓசையைத் தேடி, அதைப் பிடித்தவரிடமே போயிருக்கிறார். சும்மா பெருமைக்கு என்று நான் முதலில் நினைத்தேன். டிரம்ஸைக் கேட்டபிறகு அப்படி நினைக்கவில்லை. தோலில் குச்சி விழுவதும், அறையில் அந்தச் சத்தம் போய் மோதித் திரும்புவதும் தனித்தனியாகத் தெரிகின்றன.

இப்போது ‘லூமினால்’

தெருவோரம் கிடார் வாசிக்கும் ஒருவர். வெயிலோ மழையோ, தினமும் அதே இடம், அதே பாட்டுகள். செத்த பிறகும் மறுநாள் வந்து வாசிக்கத் தொடங்கிவிடுகிறார், பழக்கம் அப்படி. (லூமினால் என்பது துடைத்துப் போட்ட ரத்தக் கறையையும் நீலமாக ஒளிரவைத்துக் காட்டிக்கொடுக்கும் ரசாயனம். கறை போனாலும் தடம் போகாது.)

முதல் தடவை நிக் பெக்ஸின் பேஸை மட்டும் பின்தொடருங்கள், மற்றதெல்லாம் பின்னணி என்று விட்டுவிடுங்கள். இவர் 1983இல் கஜகூகூ என்ற பாப் குழுவில் பிரபலமானவர், அந்தக் காலத்தில் இவருடைய தலைமுடியைப் பார்த்தவர்கள் இவர்தான் அவர் என்றால் நம்ப மாட்டார்கள். இரண்டாவது தடவை மார்கோ மின்னமனின் டிரம்ஸ். மூன்றாவது தடவை தியோ டிராவிஸின் புல்லாங்குழல் எங்கே நுழைகிறது, ஆடம் ஹோல்ஸ்மேனின் கீபோர்டு எங்கே பதில் சொல்கிறது என்று பாருங்கள். ஹோல்ஸ்மேன் 1980களில் ஜாஸ் மேதை மைல்ஸ் டேவிஸுடன் வாசித்தவர், அந்த ஜாஸ் விரல் தெரியும். ஒரு பாட்டை மூன்று தடவையா என்று கேட்காதீர்கள். மிருதங்கத்துக்காக மட்டும் கச்சேரிக்குப் போகிற மாமாக்கள் நமக்கு இருக்கிறார்கள்தானே.

நடுவில் ஓட்டமெல்லாம் அடங்கி, மெல்லிய கிடாரோடு கதை வரும். பிற்பகுதியில் மெலோட்ரான் அலையாக எழும்போது அந்த நடுக்கத்தை இப்போது நீங்களே அடையாளம் கண்டுகொள்வீர்கள்.

தாளத்தில் தடுமாறினால் பயப்பட வேண்டாம். மேற்கத்திய பாப்பில் பெரும்பாலும் நாலு எண்ணிக்கைதான், ப்ராக்கில் ஐந்தும் ஏழும் அடிக்கடி வரும். ஐந்து நமக்குக் கண்ட சாபு, ஏழு மிச்ர சாபு. பழக வேண்டுமானால் ‘டார்க் சைடு ஆஃப் தி மூன்’ ஆல்பத்தில் ‘மணி’ பாட்டை எடுத்துக்கொண்டு, காசு குலுங்கும் சத்தத்தோடு ‘தகிட தகதிமி’ என்று ஓர் அடிக்கு ஓர் எழுத்தாகச் சொல்லிப் பாருங்கள். ஏழில் சரியாகச் சுற்றி வரும். சாக்ஸபோன் முடிந்து கிடார் தனியாக வாசிக்கும் இடத்தில் மட்டும் பாட்டு நாலுக்கு மாறிவிடும். அங்கே உங்கள் ஜதி உதைத்தால் தப்பு உங்களுடையது அல்ல. இந்தப் பயிற்சி ஒரு வாரம் போதும். அதற்குப் பிறகும் எண்ணிக்கொண்டே கேட்டால் பாட்டு கணக்கு வகுப்பாகிவிடும்.

மீதி மூன்று

‘தி வாட்ச்மேக்கர்’ நல்ல கதை. ஐம்பது வருடம் ஒரே வீட்டில் வாழ்ந்த மனைவியைக் கொன்று தரைக்கு அடியில் புதைக்கும் கடிகாரக்காரர். ஐம்பது வருடப் பழக்கம் என்பதால் அவள் போகவும் மாட்டாள். முதல் பாதி எனக்கு மிக அழகாகவும் கொஞ்சம் சங்கடமாகவும் இருக்கிறது. 1970களின் ஜெனிஸிஸ் என்ற ப்ராக் குழுவை அவ்வளவு ஒட்டிப் போகிறது. இந்த ஆல்பத்தை வெறும் நகல் என்று தள்ளுகிறவர்கள் கைகாட்டுவது இந்த மாதிரி இடங்களைத்தான், அவர்களைக் குறைசொல்ல முடியவில்லை. கடைசியில் பாட்டு கனத்து இருண்டு இறங்கும்போது வில்சன் தன் காலத்துக்குத் திரும்பிவிடுகிறார்.

‘தி ஹோலி டிரிங்கர்’ கடைசியாகக் கேட்க வேண்டியது. பக்திமான் வேஷம் போட்ட குடிகாரர், எதிரில் இருப்பது சாத்தான் என்று தெரியாமல் குடிப்போட்டியில் உட்கார்ந்து தோற்கிறார். பாட்டுக்கு முன்னால் நீளமான வாத்திய மோதல். சாக்ஸபோனும் ஆர்கனும் சண்டைபோடும். ஜாஸ் பிடிக்காதவர்களுக்குக் கசக்கும்.

‘தி பின் டிராப்’ ஐந்து நிமிடம். ஆற்றில் மிதந்து போகும் பிணம் பேசுகிறது. கொன்றவன் கணவன். சுருக்கென்று முடிந்துவிடும். எனக்கு இதில் அதிகம் சொல்ல இல்லை.

ஒரு எச்சரிக்கை. வில்சன் பெரிய பாடகர் இல்லை. குரல் மெலிது, கொஞ்சம் தட்டை. சில வரிகள் பள்ளிக்கூடத்துப் பேய்க் கதை மாதிரியும் இருக்கும். குரல்வளத்தைத் தேடி வந்தால் ஏமாற்றம்தான். பக்கத்து வீட்டுக்காரர் ரகசியம் சொல்வதாக நினைத்துக் கேட்டால் அதே குரல் பொருந்திவிடும்.

முழுசாக ஒரு தடவை

ஆறையும் தனித்தனியாகப் பழகிய பிறகு, ஒரு ராத்திரி சாப்பாட்டை முடித்துவிட்டு, விளக்கை அணைத்து, முதலிலிருந்து கடைசிவரை வரிசையாகக் கேளுங்கள். போன் வேறு அறையில் இருக்கட்டும். போனில்தான் பாட்டு என்றால் திரையைக் குப்புற வையுங்கள். இப்போது ‘லூமினால்’ ஏன் முதலில் இருக்கிறது என்று தெரியும். அந்தப் பெரிய ஓட்டம் முடிந்த களைப்பில்தான் ‘டிரைவ் ஹோம்’ அவ்வளவு ஆறுதலாக இருக்கிறது. ஐந்து பாட்டின் இருட்டுக்குப் பிறகு அந்தத் தனிப் பியானோ வரும்போது, நேராகப் போய்க் கேட்டதைவிட இரண்டு மடங்கு கனக்கும். அது முடிந்ததும் ஆப் தானாக வேறு எதையாவது ஓட்டாதபடி ஆட்டோபிளேயையும் அணைத்து வைத்திருங்கள். மறுநாள் வீடியோ பார்க்கலாம்.

அப்புறம்?

பின்னால் போக ஆசையிருந்தால் கிங் கிரிம்ஸனின் 1969 முதல் ஆல்பம், முடிந்தால் வில்சன் புதிதாகக் கலந்த பதிப்பு. மெலோட்ரான் எவ்வளவு பெரிய வானத்தைத் திறக்கும் என்று அங்கே தெரியும். சைக்கடெலிக் மிதப்புதான் பிடித்திருக்கிறது, கதையெல்லாம் வேண்டாம் என்றால் ஆஸ்திரேலியாவின் டேம் இம்பாலா, 2012இல் வந்த ‘லோனரிஸம்’. வில்சன் ஐந்து பேரை ஓர் அறையில் உட்கார வைத்தார் என்றால், அங்கே டேம் இம்பாலாவை நடத்தும் கெவின் பார்க்கர் கிட்டத்தட்ட எல்லா வாத்தியத்தையும் தானே வாசித்திருக்கிறார். பழைய ஓசைக்குப் போக இரண்டும் நேர் எதிரான வழிகள்.

கொஞ்சம் கனமாக வேண்டுமென்றால் ஸ்வீடனின் ஓபெத். 2009இல் சென்னை ஐஐடி விழாவில் இவர்கள் வாசித்தபோது உறுமல் குரலோடு இருந்த மெட்டல் குழு. இரண்டு வருடம் கழித்து உறுமலை முழுக்க விட்டுவிட்டு, 1970களின் ஓசையில் ‘ஹெரிடேஜ்’ ஆல்பத்தைக் கொண்டுவந்தார்கள். பழைய ரசிகர்களில் பலர் கோபித்துக்கொண்டார்கள். அதைக் கலந்து தந்தவரும் வில்சன்தான். அந்த ஆல்பமும் தனிப் பியானோவில்தான் தொடங்கும். கேட்கவில்லை என்று ஒலியைக் கூட்டிவிடாதீர்கள், அடுத்த பாட்டு இரண்டு நிமிடத்தில் வந்துவிடும்.